பள்ளிக்கூடம் யாருடைய பொறுப்பு, ஆஸ்பத்திரி யாருடைய பொறுப்பு? யாழ்ப்பாணத்தில் அதிகாரப் பகிர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அதிகாரப் பகிர்வு என்று எதைச் சொல்கிறோம்?

1987 நவம்பரில் வந்த இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தையும், அதோடு வந்த 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தையும். அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் மூன்று நிரல்கள் இருக்கின்றன: மாகாண சபைக்கானது, மத்திக்கு (கொழும்பிலுள்ள மத்திய அரசுக்கு) ஒதுக்கியது, இருவருக்கும் பொதுவான ஒருங்கிய நிரல். சுகாதாரமும் கல்வியும் முதல் நிரலில் இருப்பதால் "அது மாகாணத்தின் வேலை" என்று எல்லோரும் சொல்கிறார்கள். மத்திக்கான நிரலின் முதல் வரியைப் பலர் வாசிப்பதில்லை. "எல்லா விடயங்கள் பற்றிய தேசியக் கொள்கை" கொழும்புக்கு உரியது என்று அங்கே இருக்கிறது. மாகாணத்துக்குக் கொடுத்த எந்த விடயத்துக்குள்ளும் நுழைய மத்திக்கு அந்த ஒரு வரி போதும்.

மாகாண சபைக்குக் கீழே உள்ளூராட்சி இருக்கிறது. யாழ் மாவட்டத்தில் மாநகர சபை ஒன்று, நகர சபைகள் மூன்று (பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி), பிரதேச சபைகள் பதின்மூன்று. பெயரில் ஒன்றுபோல் இருப்பதால் பிரதேச செயலகத்தையும் பிரதேச சபையையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 15 பிரதேச செயலகங்களும் கச்சேரியும் (மாவட்டச் செயலகம்) மத்தியின் நிர்வாகக் கிளைகள். அவற்றுக்கு மக்கள் வாக்களிப்பதில்லை.

எந்த ஆஸ்பத்திரி யாருக்குக் கீழே?

பெரியாஸ்பத்திரி, அதாவது யாழ் போதனா வைத்தியசாலை, நேரடியாகக் கொழும்புச் சுகாதார அமைச்சின் கீழ் வருகிறது. போதனா வைத்தியசாலைகளும் சிறப்புத் தேவைக்கான வைத்தியசாலைகளும் மாகாண நிரலில் வெளிப்படையாகவே விலக்கப்பட்டவை. தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகள், பிரதேச வைத்தியசாலைகள், ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையங்கள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் எல்லாம் மாகாணத்தினுடையவை. ஊர் மட்டத்தில் இவற்றுக்குத் தலை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். அவருக்கு மேலே மாகாணப் பணிப்பாளர், அதற்கு மேலே மாகாணச் சுகாதார அமைச்சின் செயலாளர்.

பெரியாஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவின் நெரிசல் பற்றி மாகாணப் பணிப்பாளருக்கு மனுக் கொடுத்தால் அவரால் அதை அனுப்பிவைக்கத்தான் முடியும். ஆனால் அந்த நெரிசலுக்கு ஒரு காரணம் மாகாணத்தின் பக்கம் இருக்கிறது. பக்கத்து ஆதார வைத்தியசாலையில் தீர்க்கக்கூடிய நோய்க்கும் சனம் நகரத்துக்கு பஸ் ஏறுகிறது. இரண்டு நிர்வாகங்களும் ஒரே மேசையில் இருந்து பேசாமல் அந்த வரிசை குறையாது.

ஆதார வைத்தியசாலையில் மருந்து முடிந்துவிட்டது, வெளியே வாங்கச் சொல்கிறார்கள். மாகாணம் ஏன் வாங்கிக் கொடுக்கவில்லை?

வாங்கும் அதிகாரம் அதனிடம் இல்லை. மாகாண நிரல் ஆஸ்பத்திரிகளுக்கு வசதி செய்துகொடுப்பதை மாகாணத்திடம் தந்துவிட்டு, அதே வரியில் "மருந்துக் கொள்வனவு நீங்கலாக" என்று முடிகிறது. மருந்தை மத்திய மருத்துவ வழங்கல் பிரிவு வரவழைக்கிறது. அது பிராந்திய மருத்துவக் களஞ்சியத்துக்கு வந்து, அங்கிருந்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது.

தட்டுப்பாடு எல்லாம் கொழும்பில்தான் தொடங்குகிறது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் வரும் ஆண்டுக்கான மதிப்பீட்டைத் தன் முந்திய பாவனையை வைத்தே எழுதுகிறது. வருட நடுவில் ஒரு நரம்பியல் நிபுணர் வந்து புதிய கிளினிக் தொடங்கினால், அவர் எழுதும் மாத்திரைகள் அந்த மதிப்பீட்டில் இருக்காது. சில கிழமைகளில் கையிருப்பு தீர்ந்துவிடும். போன வருடம் பாதி நாள் மருந்தே இல்லாமல் இருந்திருந்தால் பாவனை குறைவாகப் பதிவாகி, அடுத்த வருட மதிப்பீடும் குறையும். தட்டுப்பாடு தட்டுப்பாட்டையே பெறும். அவசரத்துக்கு உள்ளூர்க் கொள்வனவு செய்யலாம். அதற்குக் களஞ்சியத்தில் இல்லை என்ற உறுதி வேண்டும், வரம்புக்குள் காசும் வேண்டும். ஆகவே "மருந்து இல்லை" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். ஆஸ்பத்திரியில் மட்டும் இல்லையா, பிராந்தியக் களஞ்சியத்திலும் இல்லையா, நாடு முழுவதுமே இல்லையா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். முதலாவதுக்கு ஒரு தொலைபேசி அழைப்பே தீர்வாகலாம். 2022 பொருளாதார நெருக்கடியில் பட்டது மூன்றாவது வகை. அதற்கு ஊரில் மருந்து கிடையாது.

விடுதிக் கட்டடம் திறந்தாயிற்று. உள்ளே டாக்டர் இல்லை. ஏன்?

கட்டடம் மாகாண அபிவிருத்திக் காசிலோ வெளிநாட்டுத் திட்டத்திலோ எழும்பும். மருத்துவர்கள் நாடளாவிய சேவையைச் சேர்ந்தவர்கள்; நியமனமும் வருடாந்த இடமாற்றப் பட்டியலும் கொழும்பில் தயாராகின்றன. தாதியருக்கும் பயிற்சியும் முதல் நியமனமும் மத்தியிடமே. புதிய பதவி உருவாக்க வேண்டுமென்றால் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் ஆளணியை, அதாவது எந்தப் பதவியில் எத்தனை பேர் என்பதை, அங்கீகரிக்க வேண்டும். கட்டடத்துக்கு ஒரு பாதை, ஆளுக்கு ஒரு பாதை, கருவிக்கு இன்னொரு பாதை. இவை சந்திக்கும்போது சத்திர சிகிச்சைக் கூடம் இயங்கும். மயக்க மருந்து நிபுணர் ஒருவர் குறைந்தாலும் கூடம் பூட்டியிருக்கும்.

புதிய விடுதி கேட்டு மனு எழுதும் சங்கங்களுக்கு எங்கள் ஆலோசனை: அடிக்கல்லுக்கு முன்னரே ஆளணி அங்கீகாரக் கடிதத்தைக் கேளுங்கள். அந்தக் கடிதம் இல்லாத கட்டடம் பெரும்பாலும் களஞ்சியமாக முடியும்.

ஆளணிக்குள் அடங்காமல் வருடக்கணக்காக வேலை செய்த சுகாதாரத் தொண்டர்களும் தொண்டர் ஆசிரியர்களும் நிரந்தர நியமனம் கேட்டு ஆளுநர் அலுவலக வாசலில் இருந்ததை யாழ்ப்பாணம் பலமுறை பார்த்திருக்கிறது. அவர்களை வேலைக்கு அழைத்தது ஊர்த்தேவை. பதவியை அங்கீகரிக்க வேண்டியது கொழும்பு. இடையில் அகப்பட்டவர்கள் அவர்கள்.

நெடுந்தீவில் இரவு ஒருவருக்கு மாரடைப்பு. எத்தனை அலுவலகங்கள் சம்பந்தப்படும்?

தீவின் வைத்தியசாலை மாகாணத்தினுடையது. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஓடும் குமுதினி படகு வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது, அது மத்தி. கடற்படையும் விமானப்படையும் பாதுகாப்பு அமைச்சு. 2018 ஜூலையில் வடக்குக்கு வந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையும் மத்திய நிறுவனம். அது நோயாளி இருக்கும் இடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் சேவை, கடல் தாண்டாது. கரையிலிருந்து நகரத்துக்குப் போகும் மாகாண அம்புலன்ஸுக்கு எரிபொருளும் சாரதியும் மாகாண வாக்குப்பணத்தில், அதாவது மாகாணம் ஒதுக்கும் காசில்.

கடல் கொந்தளிக்கும் மாரிக் காலத்தில் இத்தனை கையும் ஒரே மணித்தியாலத்தில் இணைய வேண்டும். தீவில் கடமை மருத்துவர் தங்கியிருக்கிறாரா என்பது உயிர் பிரச்சினை. அவருக்குத் தங்குமிடம் கட்டித் தரும் அதிகாரம் மாகாணத்திடம் முழுமையாக இருக்கிறது. அதையாவது ஒழுங்காகச் செய்தால், அனுப்பப்படும் மருத்துவர் அடுத்த இடமாற்றப் பட்டியலை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

டெங்கு வந்தால் யாரைக் கூப்பிடுவது?

பொதுச் சுகாதாரப் பரிசோதகரை. பிரதேச சபைப் பகுதிகளில் அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைச் சேர்ந்தவர். யாழ் மாநகர எல்லைக்குள் மாநகர சபைக்கே சொந்தச் சுகாதாரப் பிரிவு உண்டு. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வளவைச் சோதித்து அறிவித்தல் கொடுப்பதும் வழக்குப் போடுவதும் நடக்கும். குப்பையும் வாய்க்காலும் உள்ளூராட்சிச் சபையின் வேலை. வடகீழ்ப் பருவமழை தொடங்கிய பின் நவம்பர் முதல் ஜனவரி வரை நோய் ஏறும். வாய்க்கால் செப்டெம்பரில் வாரப்பட வேண்டும். டிசம்பரில் வாருவது பத்திரிகைப் படத்துக்கு.

கிணற்று நீர் கெட்டால்?

இதைத் தனியாகச் சொல்ல சுன்னாகம் காரணம். 2014, 2015இல் அங்குள்ள மின்னிலையத்தின் கழிவு எண்ணெய் வலிகாமத்துக் கிணறுகளில் கலந்தது என்ற முறைப்பாடு பெரிதானபோது மாகாண சபை ஒரு நிபுணர் குழுவை அமைத்தது, மத்திய நிறுவனங்கள் தனியாகச் சோதித்தன. முடிவுகள் ஒத்துப்போகவில்லை. குடிக்கலாமா கூடாதா என்பதற்கே சனத்துக்கு ஒரே பதில் இல்லை. கடைசியில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மின்னுற்பத்தி செய்த தனியார் கம்பனி இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மாதிரி நீரை எந்த ஆய்வுகூடம், எந்த முறையில் சோதிப்பது என்பதை முதலே இரு தரப்பும் ஒத்துக்கொள்ளாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

தேசியப் பாடசாலைக்கும் மாகாணப் பாடசாலைக்கும் என்ன வித்தியாசம்?

யாழ் இந்துக் கல்லூரி, வேம்படி மகளிர், ஹாட்லிக் கல்லூரி போன்றவை தேசியப் பாடசாலைகள். அவற்றின் அதிபர், ஆசிரியர், நிதி எல்லாம் இசுருபாயவிலிருந்து, அதாவது பத்தரமுல்லையிலுள்ள கல்வி அமைச்சிலிருந்து. மற்ற அரச பாடசாலைகள் மாகாணத்தின் கீழ். யாழ் மாவட்டத்தில் அவற்றை ஐந்து வலயக் கல்விப் பணிமனைகள் பார்க்கின்றன: யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம்.

பாடத்திட்டம் தேசிய கல்வி நிறுவகத்தினுடையது. புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் எல்லாம் பரீட்சைத் திணைக்களத்தினுடையது. இலவசப் பாடநூலும் சீருடையும் மத்தியிலிருந்து வருகின்றன. தேர்ந்த சில பாடங்களில் உள்ளூர்ச் சேர்க்கைகள் செய்ய மாகாணத்துக்கு இடம் இருக்கிறது, தேசிய கல்வி நிறுவகம் ஒப்ப வேண்டும். அந்த இடத்தை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. பரீட்சை ஒன்றே என்றான பிறகு எந்த அதிபர் அதில் நேரம் செலவழிப்பார்?

எங்கள் பாடசாலையைத் தேசியப் பாடசாலை ஆக்கினால் நல்லதுதானே?

2021இல் தேசியப் பாடசாலைகளை ஆயிரமாக்கும் திட்டம் வந்தபோது வடக்கில் எழுந்த எதிர்ப்பு இதைப் பற்றியதே. பெயர்ப்பலகை மாறியதும் காசு கொட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கட்டாயம் மாறுவது ஒன்று: ஒரு கணித ஆசிரியர் குறைந்தால் முன்பு வலயப் பணிப்பாளர் பக்கத்துப் பாடசாலையிலிருந்து இணைப்புச் செய்து சமாளிப்பார். இனி அதே கோரிக்கை பத்தரமுல்லைக்குப் போக வேண்டும். பெரிய நகரப் பாடசாலைக்கு இது பொருட்டல்ல, அதற்குக் கொழும்பில் பேச ஆள் இருக்கும். கிராமத்து 1ஏபி பாடசாலைக்கு (உயர்தர விஞ்ஞானப் பிரிவும் உள்ளது) நட்டம் என்பதே எங்கள் கணிப்பு.

ஆசிரியர் பற்றாக்குறைக்குக் கொழும்பா பொறுப்பு?

பாதிதான். கல்வியியற் கல்லூரியில் படித்து வெளியேறுவோரின் முதல் நியமனமும், எத்தனை பேரை எடுக்கலாம் என்பதும் மத்தியின் கையில். ஆனால் மாகாணத்துக்குள் இருக்கும் ஆசிரியரை எங்கே வைப்பது என்பது மாகாணத்தின் அதிகாரம். மாகாணப் பாடசாலை ஆசிரியரின் இடமாற்றமும் ஒழுக்காற்றும் 13ஆம் திருத்தத்திலேயே மாகாணத்துக்குத் தரப்பட்டவை. யாழ் நகரத்தை ஒட்டிய பாடசாலைகளில் ஆள் மிஞ்ச, தீவகத்திலும் வன்னியிலும் வகுப்பு வெறுமையாக இருப்பதற்கு இசுருபாயவைத் திட்டிப் பயனில்லை.

அது ஏன் சீராகவில்லை? இடமாற்றப் பட்டியல் வெளியாகும். மேன்முறையீடுகள் போகும்: பிள்ளை சின்னது, தாய் படுக்கையில், கணவன் வேறு மாவட்டத்தில். இவற்றில் பல உண்மையானவை. அரசியல்வாதியின் தொலைபேசி அழைப்பும் வரும். அதற்குமேல் "பதில் ஆசிரியர் வரும்வரை விடுவிக்க முடியாது" என்று அதிபர் எழுதுவார். சங்கிலியில் ஒரு கண்ணி நின்றால் அதன் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் நிற்பார்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று. மொத்த எண்ணிக்கையில் பாடசாலை "ஆளணி நிறைவு" என்று காட்டும். உள்ளே சமயத்துக்கு மூன்று பேர், ஆங்கிலத்துக்கு ஒருவரும் இல்லை. வலயத்துக்கு எழுதும்போது "ஆசிரியர் போதாது" என்று எழுதாதீர்கள். பாடம், தரம், கிழமைக்கு எத்தனை பாடவேளை ஆளில்லாமல் போகிறது, எந்த மாதத்திலிருந்து என்று நேரசூசியைப் பார்த்து எழுதுங்கள். அப்படி எழுதிய கடிதத்தைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

மாகாணத்துக்குக் காசு எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி கொழும்பிலிருந்து, நிதி ஆணைக்குழுவின் சிபாரிசில். மீண்டெழும் செலவுக்கான, அதாவது அன்றாடச் செலவுக்கான, கொடை ஒன்று. அதில் பெரும்பங்கு சம்பளத்துக்கே போய்விடும், அந்தச் சம்பளத்திலும் ஆசிரியரும் சுகாதாரத் துறையினரும்தான் அதிகம். பிரமாண அடிப்படையிலான நன்கொடை இன்னொன்று. கந்தோர்களில் பி.எஸ்.டி.ஜி. என்று சொல்லும் குறித்தொதுக்கப்பட்ட மாகாண அபிவிருத்தி நன்கொடை மூன்றாவது; கட்டடமும் தளபாடமும் இதில்தான். சொந்த வருமானம் என்று வாகன வரி அனுமதிப்பத்திரம், முத்திரைத் தீர்வை போன்றவை இருக்கின்றன; முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் உள்ளூராட்சிச் சபைகளுக்குப் போய்ச் சேரும். மாகாணங்கள் அறவிட்ட புரள்வு வரி 2011இல் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பதிலாகப் பங்கு தந்த தேச கட்டுமான வரியும் 2019 கடைசியில் போய்விட்டது.

பாடசாலைக் கட்டட வேலை ஏன் எப்போதும் மழைக்குள் நடக்கிறது?

நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஒதுக்கீடு வருட ஆரம்பத்தில் தாளில் இருக்கும். கட்டுநிதி, அதாவது கையில் வரும் காசு, துண்டு துண்டாக வரும். திட்ட அங்கீகாரம், பொறியியலாளரின் மதிப்பீடு, கேள்விமனு, ஒப்பந்தம் என்று முடிய ஓகஸ்ட் தாண்டும். ஒப்பந்தகாரர் அத்திவாரம் வெட்டும்போது ஒக்டோபர், வெட்டிய கிடங்கில் மாரித் தண்ணீர். டிசம்பர் 31க்குள் செலவழிக்காத காசு திரும்பிவிடும் என்ற பயத்தில் ஈரச் சுவருக்கு மேல் வர்ணம் பூசுகிறார்கள். இரண்டாம் வருடம் அது உரிந்து விழும்.

மதிப்பீடும் வரைபடமும் முதல் வருடத்திலேயே தயாராக இருந்தால் கேள்விமனுவைப் பெப்ரவரியில் கோரலாம். அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் இதைச் செய்ய முடியும். முந்திய வருட நடுப்பகுதிக்குள் தேவையை வலயத்துக்கு எழுத்தில் கொடுத்து, மதிப்பீட்டுக்கு ஆள் வந்தாரா என்று பின்தொடர வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் காசு தந்தால் இந்தச் சுற்றெல்லாம் தேவையில்லையே?

கட்டடமும் கணினியும் வரும், ஆசிரியர் வரமாட்டார். பழைய மாணவர் சங்கம் சம்பளம் கொடுத்து அமர்த்துபவர் நிரந்தர சேவைக்குள் வர வழி இல்லை. காசு நின்றால் அவரும் நிற்பார். பெரிய பள்ளிக்கூடத்துக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் சங்கம் உண்டு. தீவகத்து வகை 3 பாடசாலைக்கு (ஆரம்ப வகுப்புகள் உள்ள சின்னப் பள்ளிக்கூடம்) ஊரிலேயே ஆள் இல்லை. இந்தக் காசு இடைவெளியை அடைக்கவில்லை, கூட்டுகிறது. தருபவர்கள் இதைக் கேட்க விரும்புவதில்லை என்பது தெரியும்.

நன்கொடைக் கருவிக்கு ஒரு எச்சரிக்கை. இருப்புப் பதிவேட்டில் ஏறாத ஸ்கேன் இயந்திரத்தைத் திருத்த எந்த வாக்குப்பணமும் கிடையாது. கையளிக்கும் நாளிலேயே பதிவு, உத்தரவாதம், பராமரிப்பு ஒப்பந்தம் மூன்றையும் எழுத்தில் முடியுங்கள்.

வட மாகாண சபை இல்லாமல் போனதால் என்ன மாறியது?

2013 செப்டெம்பர் 21இல் தேர்தல் நடந்து, 38 உறுப்பினர் கொண்ட சபை அமைந்தது. 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றிய சட்டத்துக்கு வேண்டிய எல்லை நிர்ணய அறிக்கையை நாடாளுமன்றம் 2018இல் நிராகரித்தது, தேர்தல் அதில் சிக்கியது. அதன் பின் ஆளுநரும் செயலாளர்களும் நடத்துகிறார்கள்.

ஆஸ்பத்திரி பூட்டவில்லை, பள்ளிக்கூடம் நிற்கவில்லை, சம்பளமும் வந்தது. சபை இருந்தபோதும் நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் பெயரில்தான் இருந்தது. மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவை நியமிப்பவரும் அவரே. இல்லாமல் போனது கேள்வி கேட்கும் இடம். இந்த வருடம் எந்தப் பாடசாலைக்குக் கட்டடம், ஏன் மற்றதுக்கு இல்லை என்று சபையில் எழுந்து கேட்டால் அமைச்சர் பதில் சொல்லி அது பதிவாகும். இப்போது அது மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் சில நிமிடம், அல்லது ஒரு கடிதம்.

அதிகாரம் கீழே வந்தால் சேவை நிச்சயம் மேம்படுமா?

நிச்சயமில்லை. அதிகாரம், காசு, ஆள் மூன்றும் சேர்ந்து வந்த இடத்தில் மேம்பட்டிருக்கிறது. கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தோடு திட்டநிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களையும் பஞ்சாயத்திடம் கொடுத்தது. கட்டடம், மருந்துக் கையிருப்பு, வலிநிவாரணப் பராமரிப்பு என்று பலன் தெரிந்தது. அங்கேகூட மருத்துவரின் சம்பளமும் இடமாற்றமும் மாநில அரசிடமே.

இலங்கையின் தாய்சேய் நலம் அரசியல் பகிர்வால் வந்ததல்ல என்பதையும் மறக்கக்கூடாது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடு வீடாகப் போகும் குடும்பநல மாதும் 13ஆம் திருத்தத்துக்கு அறுபது வருடம் மூத்தவர்கள். வேலையை ஊருக்குக் கொண்டுவருவது ஒன்று, முடிவை ஊருக்குக் கொண்டுவருவது வேறொன்று. நமக்கு முதலாவது நன்றாகக் கிடைத்தது.

முன்பள்ளிகள்?

பதிவும் மேற்பார்வையும் மாகாணத்தினுடையவை. நடத்துவது சனசமூக நிலையம், கோயில், தேவாலயம், உள்ளூராட்சிச் சபை என்று பலர். ஆசிரியைகளின் கொடுப்பனவு வெட்கப்படத்தக்க அளவு சிறியது.

எதுவும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமையை எப்படிப் பயன்படுத்துவது?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில். அமைச்சு, மாகாணத் திணைக்களம், பிரதேச சபை எல்லாவற்றுக்கும் பொருந்தும். கோரிக்கையைத் தமிழிலேயே தகவல் அலுவலருக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான எழுத்தை வாங்குங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று கிழமை. அதற்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பிழைக்கும் இடம் கேள்வியை எழுதும் விதம். "ஏன் டாக்டர் இல்லை?" என்பது விளக்கம் கேட்பது, சட்டம் தருவது பதிவேட்டில் இருக்கும் தகவலை. இப்படிக் கேளுங்கள்: "இவ்வைத்தியசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி, பதவி வாரியாக. இன்றைய திகதியில் கடமையில் உள்ளோர், பதவி வாரியாக. வெற்றிடங்களை நிரப்பக் கோரி கடந்த இரண்டு ஆண்டுகளில் அனுப்பிய கடிதங்களின் பிரதிகள்." மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். கடிதமே அனுப்பப்படவில்லை என்றால் தடை மாகாணத்திடம். அனுப்பியும் பதில் இல்லையென்றால், அந்தப் பிரதிகளை இணைத்து அடுத்த கோரிக்கையைக் கொழும்பு அமைச்சின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்.